தண்ணீர் லாரியின் மூன்றாவது மெமோ

முகாமில் எல்லோருக்கும் நான் 'ஸ்கேல் சார்'. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் அவனுடைய லீவு விண்ணப்பத்தை நான்கு முறை திருப்பி அனுப்பியிருப்பேன்.

பட்டாலியன் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே நாற்காலி. வெளியே மெமோ என்றால் யாருக்கோ வேலைக்கு உலை வைக்கிற காகிதம். எங்களிடம் அப்படியில்லை. சிப்பாய் மேலே சொல்வதும், மேலதிகாரி கீழே சொல்வதும் எழுத்தில் வந்தால் மெமோதான். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இடது ஓரத்தில் ஓர் அங்குலம் விட வேண்டும், ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். தலையில் கோப்பு எண், தேதி, பொருள் இருக்க வேண்டும். பத்திகளுக்கு எண். பத்தியைப் பிரித்தால் அ, ஆ என்று போக வேண்டும். 'அ' போட்டால் 'ஆ' கட்டாயம். ஒன்றே ஒன்றுதான் சொல்ல இருக்கிறதென்றால் அதை எதற்குப் பிரிக்க வேண்டும்? இதில் ஒன்று பிசகினாலும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைப்பானேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்குத் தண்ணீர் லாரி மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே வாயிலில் காவல் மாற்றிக்கொண்டு பதினொரு பேர் நின்றிருந்தார்கள். டிரைவர் லாரியை இடது பக்கம் ஒடித்து ஸ்டோர் சுவரில் கொண்டுபோய் மோதினார். பதினொரு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை மேஜர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. இரவெல்லாம் தூங்காத முகம்.

"விபத்தைப் பத்தி மெமோ நாலு மணிக்குள்ள தலைமையகத்துக்குப் போகணும். ஒரே பக்கம். மூணு பத்தி போதும், எழுதிக்கங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். முதல் பத்தி, நடந்தது. இரண்டாவது, சேதம். மூன்றாவதை அவர் ஒர்க்‌ஷாப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டியின் பழுது குறித்து ஓட்டுநர் எழுத்து மூலம் எதுவும் தெரிவிக்கவில்லை."

அந்த ஒரு வரியின் கனம் எங்கள் இருவருக்கும் தெரியும். அது போனால் சாவு டிரைவருடைய அஜாக்கிரதையால் வந்தது என்று முடிந்துவிடும். வாயிலருகே ஒரு கருங்கல் நிற்கிறது. பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கும். அஜாக்கிரதையால் செத்தவன் பெயர் அதில் ஏறாது. அவருடைய மகளும் மகனும் தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மேஜர் பதிவேட்டை வைத்துச் சொன்னார், அதில் எதுவும் இல்லை என்பது உண்மை. ஏன் இல்லை என்று தெரிந்த ஒரே ஆளான நான் எதிரே நின்று, "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் திருப்பி அனுப்பிய மெமோக்களின் நகல்கள் இருக்கும். எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தேதி போட்ட ஒன்று. 'பொருள்: தண்ணி லாரி பிரேக் சரியில்லை.' கோப்பு எண் கிடையாது, ஓரம் கிடையாது, பத்திக்கு எண் கிடையாது. என்னுடைய மூன்று வட்டங்கள் மட்டும் சிவப்பாக இருந்தன. ஒன்பதாம் தேதி போட்ட இன்னொன்று. கோப்பு எண் வந்திருந்தது, ஓரம் வந்திருந்தது. இரண்டாம் பத்தியில் 'அ. பிரேக் பிடிக்கவில்லை' என்று எழுதி அதோடு நிறுத்தியிருந்தார். அந்த 'அ'வுக்கு ஒரு வட்டம்.

அன்றைக்கு அவர் என் மேசை முன்னால் நின்றது நினைவிருக்கிறது. தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சொல்றதுக்கு ஒண்ணுதான் சார் இருக்கு. 'ஆ'வுக்கு என்னத்த எழுதறது?" என்று கேட்டார்.

"அத நீதான்ப்பா யோசிக்கணும். நான் என்ன உன் லாரியிலயா வர்றேன்?" என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மெமோ இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தொட மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகும் ஒரு வாரம் அந்த லாரியை அப்படியே ஓட்டியிருக்கிறார்.

மேஜர் சொன்னபடி தட்டச்சு செய்தேன். மூன்று பத்தியும் ஒரே பக்கத்தில் அழகாக உட்கார்ந்தன. வாழ்நாளில் நான் அடித்த சுத்தமான மெமோக்களில் அதுவும் ஒன்று. மேஜரிடம் கொண்டுபோகாமல் மேசையிலேயே வைத்திருந்தேன்.

பதினொன்றரைக்கு டிரைவரின் மனைவி வந்தாள். கூட அவளுடைய அண்ணன். அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் மட்டும் உள்ளே வந்து நின்றாள். அழுது ஓய்ந்த முகம். நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நீங்கதான் ஸ்கேல் சாரா?" என்றாள். யாரும் என் முகத்துக்கு நேரே அப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு அது பட்டப்பெயர் என்று தெரிந்திருக்காது.

"ஆமாம்மா."

"இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டிருந்தாரு. திங்கக்கிழமை சாயங்காலம் பூரா ஒக்காந்து எழுதினாரு. பொண்ணோட ஸ்கேல வாங்கி ஓரத்துல கோடு போட்டாரு. செவ்வாக்கிழமை எடுத்துட்டுப் போக மறந்துட்டாரு. அவ கணக்கு நோட்டுக்குள்ளயே இருந்துச்சு."

நான்காக மடித்த தாள். பிரித்தேன். பழக்கதோஷம், கண் முதலில் ஓரத்துக்குத்தான் போனது. ஓர் அங்குலம், அளந்து வைத்த மாதிரி. கோப்பு எண் இருந்தது. தேதி இருந்தது. பொருள் ஒரே வரியில் இருந்தது. பத்திகளுக்கு எண் இருந்தது. இரண்டாம் பத்தி:

'அ. பிரேக் பிடிக்கவில்லை.
ஆ. இறக்கத்தில் இறங்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.'

கீழே கையெழுத்து, எண், பதவி. எதிலும் குறையில்லை. நான் கேட்ட 'ஆ'வைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

என்னால் தலை நிமிர முடியவில்லை. நான் இன்னும் படிக்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். பிறகு, "அவரு மேல தப்புன்னு எழுதப் போறாங்கன்னு வெளிய பேசிக்கிறாங்க சார். அவரு சொல்லாம இல்ல. புள்ளைங்களுக்கு அது தெரிஞ்சா போதும்" என்றாள்.

"கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்கம்மா" என்றேன்.

அந்தச் சுத்தமான மெமோவை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். சேதத்தைப் பற்றிய பத்தியை மூன்று வரியாகச் சுருக்கினேன். வாயிலில் நின்ற பதினொரு பேரை முதல் பத்தியில் எழுதினேன். மூன்றாம் பத்தி இப்படி வந்தது: 'பிரேக் பழுது குறித்து ஓட்டுநர் மூன்று மெமோக்கள் எழுதியுள்ளார், இணைப்புகள் 1, 2, 3. முதல் இரண்டும் அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டன. காரணம்:' அதற்குக் கீழே:

'அ. பழுது என்னவென்று தெளிவாகப் புரிந்திருந்தும், எழுதியிருந்த முறை சரியில்லை என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பியது தலைமை எழுத்தராகிய நான்.'

'ஆ' என்று அடித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத எத்தனையோ இருந்தன. விதிமுறை அப்படி, வேலைப் பளு, ஒர்க்‌ஷாப்காரர்கள் அவர் வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டே வண்டியைப் பார்த்திருக்கலாம். எல்லாமே சப்பைக்கட்டு. அந்த 'ஆ'வை அழித்தேன்.

இரண்டு மணிக்கு மேஜர் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் ஒருமுறை படித்தார். இணைப்புகளைப் புரட்டினார். மூன்றாவதில் கொஞ்சம் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

"விசாரணை வரும். இந்த நாற்காலி இருக்காது."

"சரி சார்."

அவர் பேனாவின் மூடியைத் திருகினார். மெமோ எழுதும் முறைக்காக என்னிடம் பல வருடம் குட்டு வாங்கிய கை, பாவம். கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தி, பேனா நுனியால் மூன்றாம் பத்தியைத் தொட்டுக் காட்டினார்.

"'அ' மட்டும் இருக்கே. 'ஆ' எங்க?"

"சொல்றதுக்கு ஒண்ணுதான் சார் இருக்கு" என்றேன்.

அது யாருடைய பேச்சு என்று மேஜருக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் நகர்த்தினார். "அவர் பேர் கல்லுல ஏறணும்னு நான் தனியா ஒரு மெமோ போடறேன்" என்றார்.

வராந்தாவில் அண்ணனும் தங்கையும் அதே பெஞ்சில் இருந்தார்கள். மேஜர் சொன்னதை அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். மூன்றாவது தாள் மெமோவோடு போயாக வேண்டும் என்பதால் அதன் நகலை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை அசல் தாள் இருந்த மாதிரியே நான்காக மடித்தாள். கிளம்ப எழுந்தவள் ஒன்று கேட்டாள்.

"நல்லா பாத்தீங்களா சார்? இதுல தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா" என்றேன். அவள் திரும்பியதும் அப்படியே விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

"முதல்ல எழுதினதுலயும் தப்பு இல்லம்மா."