மூக்கைப் பிடித்த தெரு

வீட்டுக்காரம்மாவின் வலது கை மூக்கோடு ஒட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு. மாடியில் குடியிருந்த கொப்பரைக்காரி வேலை முடிந்து படியேறினாள். நாற்றம் என்று வீட்டுக்காரம்மா வழக்கம்போல மூக்கைப் பிடித்தார். விரல் திரும்பி வரவில்லை. சோப்பு, வெந்நீர், டாக்டர், எதற்கும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருவில் அவளைப் பார்த்து மூக்கைப் பிடித்த முப்பத்தோரு பேருக்கு அதே கதி.

கொப்பரைக்காரிக்குக் கழிவுநீர் நிலையத்தில் வேலை. சாக்கடைக் கசடை, கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயில் போட்டுப் பெரிய இரும்புக் கொப்பரையில் காய்ச்சுவார்கள். தண்ணீரெல்லாம் சடசடவென்று ஆவியாகும். சத்தம் அடங்கியதும் அள்ளினால் கருமணலாய் உதிரும். அதுதான் மின் நிலையத்துக்கு எரிபொருள், தெரு விளக்கிலிருந்து வீட்டு விளக்குவரை எல்லாம் அதில்தான் எரிந்தன. மீட்டரை நம்பாமல் காதை வைத்தே அவள் பதம் சொல்வாள். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அந்தப் பதினொரு வருடத்தில் இது ஆறாவது வீடு. மகள் நாலு பள்ளிக்கூடம் மாறிவிட்டாள்.

"செய்வினை வச்சுட்டே! மாசக் கடைசில காலி பண்ணு," என்றார் வீட்டுக்காரம்மா, மூக்கடைத்த குரலில்.

கொப்பரைக்காரியின் தையல்காரக் கணவன், "எதுக்கு வம்பு, வேற வீடு பாக்கலாம்," என்று இழுத்தான்.

"நீங்க சும்மா இருங்க. ஏம்மா, நாத்தம் எங்கிட்டேர்ந்தா வருது? உங்க வீட்டுலேர்ந்து போனதுதானே! காய வச்சுத் திருப்பிக் குடுக்கறேன். அதுல லைட்டைப் போட்டு உக்காந்துக்கிட்டு என்னையே தொரத்துவீங்களா? என்ன பண்ணினாலும் போக மாட்டேன்!"

சொன்னாள், போகவில்லை. மாசக் கடைசியில் தெருவே திரண்டு சாமான்களை வெளியேற்ற வந்தது. ஆறு ஆம்பளைகள், ஆறே கை. இரும்பு பீரோ வாசல்படிவரை நகர்ந்து, அங்கேயே சாய்ந்து நின்றுவிட்டது. "கால்ல போட்டுக்காதீங்க, மெதுவா," என்று கட்டிலில் உட்கார்ந்தபடி யோசனை சொன்னாள் கொப்பரைக்காரி. வந்தவர்களுக்கு மானம் போயிற்று. ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். பிறகு அவளும் கணவனும் பீரோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பழைய இடத்திலேயே வைத்தார்கள்.

கை கடைசிவரை யாருக்கும் விடுபடவில்லை. கணவன் ஒற்றைக் கைச் சட்டை தைக்கப் பழகினான். தெருவில் அதற்கு நல்ல கிராக்கி. மகள் அதே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தாள். வாடகை ஒப்பந்தத்தை வருடா வருடம் வீட்டுக்காரம்மாவே மாடியேறி வந்து புதுப்பித்தார். இடது கையால் போட்டாலும் கையெழுத்து நாளாக நாளாக அழகாகவே வந்தது.