முத்திரை குத்திய பேச்சு

நாளைக் காலை ஆலைச்சங்கு ஊதும்போது ஒருவரும் உள்ளே போகக் கூடாது. நீக்கப்பட்ட ஒன்பது பெண்களுக்கும் வேலை திரும்பக் கிடைக்க வேறு வழியில்லை. அதை என் வாயால் சொல்லவும் முடியாது.

கூட்டத்துக்கு அனுமதி தந்த போலீஸ் கொமிசேர் என் பேச்சை முன்னதாகவே எழுதி வாங்கிப் படித்தார். ‘நாளை வேலைக்குப் போகாதீர்கள்’ என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்து, மீதியில் முத்திரை குத்தினார். அதற்கு மேல் ஒரு சொல் பேசினாலும் சிறை. மிஞ்சியது முதலாளிக்கு ஒரு விண்ணப்பமும் ஒன்பது பெயர்களும்தான்.

அந்தத் தாளின் நகலோடு போலீஸ் சிப்பாய் இராமதாஸ் கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் படிக்கப் படிக்க அவர் விரல் வரிவரியாக நகர்ந்தது. என் கண் அந்த விரலை விட்டு அகலவில்லை.

“செத்தவங்களுக்குப் பூசை வைக்கிற மாதிரி படிக்கிறியே, அமலநாதா,” என்று பக்கத்துத் தறிக்காரன் பஞ்சநாதன் காலையில் நான் படித்துப் பார்த்தபோதே சொல்லியிருந்தான். அப்படித்தான் ஆயிற்று. உழவர்கரைக்கு நடக்க வேண்டியவர்கள் துண்டை உதறி எழுந்தார்கள். இப்போது போகிறவர்கள் நாளை ஆலைக்குள்ளும் போய்விடுவார்கள்.

“கண்ணகி,” என்று முதல் பெயரைப் படித்தேன். பயத்தில் அடுத்த வரி கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. நிமிர்ந்தேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கண்ணகி எழுந்து நின்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இராமதாஸின் விரலும் அந்தப் பெயரின் கீழ் நின்றது. நான் பேசாமல் நிற்பதற்கு அவர் கையிலிருந்த தாளில் தடை எதுவும் இல்லை.

“வேளாங்கண்ணி.” காத்திருந்தேன். இடுப்பில் குழந்தையோடு அவள் எழுந்தாள். கிளம்பியவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். இப்படியே எட்டுப் பேர் நின்றார்கள்.

“ரோசா.”

யாரும் எழவில்லை. மேஸ்திரி அவளை மிரட்டி நிறுத்திவிட்டானோ? இராமதாஸ் பென்சிலை எடுத்தார்.

“காலத்தான் மிஷினுக்குக் குடுத்துட்டேனே. கையப் பாத்துக்கங்க அண்ணே,” என்றது தரையிலிருந்து ஒரு குரல். கூட்டத்தின் நடுவில் ஒரு கை உயர்ந்தது.

கடைசி வரியைப் படித்தேன்: “இவர்களைக் கைவிட வேண்டாமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” ஆலை முதலாளிக்கு எழுதிய வரி அது. நான் கூட்டத்தைப் பார்த்துப் படித்தேன்.

மறுநாள் சங்கு ஊதியது. கதவு திறந்தே கிடந்தது. எதிர்ப்புறம் கூட்டம் அசையாமல் நின்றது. இராமதாஸ் தெருவைக் கடந்து என்னிடம் வந்தார்.

“ஒரு வார்த்த கூட மாத்தலன்னுதான் எழுதிக் குடுத்தேன். கொமிசேர் நம்ப மாட்டேங்கிறாரு. வா.”

அவர் பின்னால் நடந்தேன். சங்கு இரண்டாம் முறை ஊதியது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கதவை நோக்கிக் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். கேட்கவில்லை.