கொண்டி போட்ட ஃபிரிட்ஜ்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. எங்கள் சமையலறை ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்த சத்தம். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘அந்த வீட்டில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக…’

அடித்துவிட்டேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும்.

2

பாத்திரங்கள் நாலு பேர்தான். ஃபிரிட்ஜைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மாமியார். மூத்த மருமகளான நான். என் ஓரகத்தி. ஒரு மெக்கானிக். கணவன்மார் இருவரும் கதையில் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான்.

ஓரகத்தியைக் கெட்டவளாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பால் குறைகிறது என்று ஆரம்பித்தவள் அவள்தான். உடனே என் கொழுந்தன் ஃபிரிட்ஜ் கதவில் துளை போட்டு, கொண்டி வைத்துப் பூட்டு மாட்டினார். சாவி இரண்டு. அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. (நீ ஏன் வாங்கினாய் என்று கேட்காதீர்கள். கொடுத்தார்கள், வாங்கினேன்.) மாமியாரின் இன்சுலினும் உள்ளேதான் இருந்தது. வேளாவேளைக்கு எங்களில் ஒருத்தியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஒரு வரைவில் அவருக்கும் ஒரு சாவி கொடுத்துப் பார்த்தேன். கதை அந்தப் பக்கத்தோடு முடிந்துபோனது. அதனால் பிடுங்கிவிட்டேன்.

3

மாமியாருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. டாக்டர் திட்டி அனுப்பினார்.

“திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிட்டா எங்களுக்குத் தெரியாதா அத்தை?” என்றாள் ஓரகத்தி.

“வயசானா நாக்கு சொன்ன பேச்சு கேக்காது,” என்றேன் நான்.

நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போனோம். பூட்டிய ஃபிரிட்ஜிலிருந்து சாவி இல்லாதவர் எப்படித் திருடுவார் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

[இங்கே மாமியார் அழுதார் என்று எழுதினால் எடுபடும். அவர் அழவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தார்.]

4

சத்தம் நிற்கவில்லையே என்று கூப்பிட்ட மெக்கானிக் ஃபிரிட்ஜைத் திறந்தார். பின்பக்கம் முழுக்கப் பனிக்கட்டி. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்தது.

“கொண்டிய இழுத்து முடுக்கியிருக்காங்க. கதவு கோணிக்கிச்சு, ரப்பர் ஒக்காரல. வெளிக்காத்து உள்ள போய்க்கிட்டே இருந்தா இது எப்படி நிக்கும்? அந்த ஈரமெல்லாம்தான் இப்படி ஐஸாயிருக்கு.”

பனியோடு ஒட்டியிருந்த மருந்துப் பெட்டியைப் பெயர்த்து என்னிடம் நீட்டினார். அப்படித்தான் நாங்களும் பெயர்த்துக் கொடுத்துவந்தோம். மாமியார் அதை மேசைமேல் இளக வைத்துப் போட்டுக்கொள்வார். பெட்டியிலேயே அச்சடித்திருந்தது: உறைந்தால் மருந்தின் வீரியம் போய்விடும்; பயன்படுத்தக் கூடாது.

சத்தமாகப் படித்துத் தொலைத்தேன்.

“அப்ப நான் எதையும் திருடித் திங்கலன்னு ஆச்சுல்ல?” என்றார் வாசற்படியில் நின்றிருந்த மாமியார்.

மெக்கானிக்தான், “கொண்டியக் கழட்டிட்டா சரியாயிடும். கழட்டட்டுமா?” என்றார்.

“அவ வீட்டுக்காரர் மாட்டினது. அவளக் கேளுங்க,” என்றேன்.

“அக்காவும்தான் சாவி வச்சிருக்காங்க. அவங்களே சொல்லட்டும்,” என்றாள் ஓரகத்தி.

முதலில் சரி என்றவள் தோற்றவள். அது எங்கள் இருவருக்கும் தெரியும். “பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்கம்மா,” என்று மெக்கானிக் கிளம்பிவிட்டார்.

5

முடிவு ஒன்று: மருமகள்கள் இருவரும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு… (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: நான் திருப்புளியை எடுத்து, கொண்டியின் திருகைக் கழற்றி… (ஏன் நான்? அவள் எடுக்கட்டும்.)

நடந்தது இது. மாமியார் புது மருந்து வாங்கி வந்தார். எங்கள் வாசலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். சமையலறை ஜன்னலில் எல்லாம் கேட்டது.

“எங்க ஃபிரிட்ஜ் ரிப்பேர். இத உங்களோடதுல வச்சுக்கட்டுமா?”

“அதுக்கென்னம்மா, கேக்கவே வேணாம். வேணுங்கறப்ப நீங்களே வந்து தெறந்து எடுத்துக்கங்க.”

அடுப்படியில் நான் ஒரு மூலையிலும் அவள் ஒரு மூலையிலும் நின்று இதைக் கேட்டோம். வெட்கமாக இருந்தது. ஆனாலும் இருவரும் அசையவில்லை.

ஃபிரிட்ஜ் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. திருப்புளி அதன் தலைமேல்தான் கிடக்கிறது. யார் கழற்றினார்கள் என்று நீங்களே எழுதி முடித்துக்கொள்ளுங்கள். நான் கழற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.