தூக்குப்போசி தொங்கிய பக்கம்

எங்கள் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் இடப்பக்க ஃபோர்க் குழாயிலிருந்து மீண்டும் எண்ணெய் கசிந்தது. மறுநாள் காலை அவ்வண்டியை மறுபதிவு ஆய்வுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. சென்ற முறை ஆய்வாளர் இதே கசிவைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். இம்முறையும் கசிந்தால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று நானும் என் மனைவி ராசாத்தாளும் தீர்மானித்திருந்தோம்.

துடியலூரிலிருந்து சிங்காநல்லூர் ஆலைக்கு நாங்கள் இருவரும் ஒரே ஷிப்ட்டுக்குச் சென்று வந்த வண்டி அது. கைப்பிடியின் இடப்பக்கத்தில் பிடி வைத்த எங்கள் சோற்றுப் பாத்திரமான தூக்குப்போசி தொங்கும். போகும்போது வேகத்தடைகளில் அது ‘தொம்’ என்று கனத்து ஒலிக்கும். காலியாகத் திரும்பும்போது ‘டங்’கென்று ஒலிக்கும். அவ்வொலி கேட்டால் வேலை முடிந்தது என்று பொருள்.

எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை இரண்டு முறை நானே மாற்றியிருந்தேன். சீல் விற்றவரையே குறை கூறியும் இருந்தேன். மூன்றாம் முறையாகக் கழற்றுவதற்கு முன், ஃபோர்க் குழாயில் படிந்த எண்ணெயை ராசாத்தாள் பழந்துணியால் துடைத்தாள். திடீரென்று அவளது கை நின்றது.

“ஏனுங்க, இங்க நூல் மாட்டுதுங்க.”

ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் பணியாற்றிய விரல்கள் அவை. நான் நகத்தால் தடவிப் பார்த்தேன். பளபளப்பான குழாயின் முன்புறத்தில் சிறியதொரு பள்ளம் இருந்தது. அதன் கூரிய விளிம்பே ஒவ்வொரு புதிய சீலையும் கிழித்திருக்கிறது.

அவள் உள்ளே சென்று, பழைய தூக்குப்போசியைக் கொண்டுவந்து கைப்பிடியில் மாட்டி, மெல்ல ஆட்டிவிட்டாள். அதன் அடி வளையம் மிகச் சரியாக அப்பள்ளத்தில் போய் இடித்தது. கைப்பிடி திரும்பினால் குழாயும் உடன் திரும்பும். ஆதலால் எத்தனை ஆண்டுகள் ஆடினாலும் அது இடிப்பது ஓரிடத்தில்தான்.

“நான் வலப்பக்கம் மாட்டச் சொன்னனல்ல?” என்றேன்.

“ஆமாமுங்க. வலப்பக்கம் மாட்டுனா ஆக்சிலேட்டர் கைல இடிக்குதுன்னு ஊரையே கூட்டுனது ஆருங்க?”

பீளமேட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ரவிக்குமாரைத் தொலைபேசியில் அழைத்து, தூக்குப்போசி செய்த வேலையைச் சொன்னேன்.

“பைப்ப மாத்தோணுங்ணா. இந்த வண்டிக்கு இப்பக் கெடைக்காது. பழசுக்கே குரோம் போட்டு வாரதுக்கு ஒரு வாரம் ஆயிருமுங்க.”

“நாளைக்குக் காட்டோணும், ரவி.”

“அப்ப நைசு எமரி உப்புத்தாள்ல சொரசொரப்பப் போக்கிப்போட்டு, குழில பசை வெச்சுத் தேச்சுப் பாருங்க. நிக்கலாமுங்க. நிக்காட்டி உங்க போசியத்தான் கேக்கோணும்.”

அவ்வாறே செய்தோம். குழாயைக் கழற்றி, எண்ணெய் தொட்ட எமரித் தாளால் விளிம்பை மழுக்கினேன். பள்ளத்தில் உலோகம் ஒட்டும் பசையை வைத்து, அது இறுகிய பின் மட்டமாகும் வரை தேய்த்தேன். ராசாத்தாள் தன் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு நூலை உருவி அவ்விடத்தில் இழுத்தாள்.

“இன்னும் மாட்டுதுங்க.”

மீண்டும் தேய்த்தேன். அவள் மீண்டும் இழுத்தாள். நூல் தடையின்றி வழுக்கிச் சென்ற பின்னரே தலையசைத்தாள். குழாயின் நுனியில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, புதிய சீலின் உதடு கிழியாதவாறு இறக்கிப் பொருத்தினேன். எண்ணெய் ஊற்றி மூடியபின் வண்டியில் ஏறி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உடல் வலிக்க அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். குழாய் உலர்ந்தே இருந்தது. எனினும் அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் வரவில்லை.

காலையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் குனிந்து, இடப்பக்கக் குழாயைச் சுற்றி விரலால் வழித்தார். விரலைப் பார்த்தார். மற்றொரு முறையும் வழித்துப் பார்த்துவிட்டு, “சரி, போங்க” என்றார்.

அலுவலக வாயிலின் வேப்பமரத்தடியில், ராசாத்தாள் கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சோற்றை உண்டோம். புறப்படும்போது அவள் காலித் தூக்குப்போசியைக் கைப்பிடியருகே கொண்டுவந்தாள்.

“மாட்டட்டுங்களா?”

“ஐயோ, வேண்டாம் அம்மணி! மடிலயே வெச்சுக்க.”

சாலையில் முதல் வேகத்தடை வந்தது. வண்டி மெத்தென்று ஏறி இறங்கியது. இடப்பக்கத்திலிருந்து எந்த ஒலியும் எழவில்லை. கசிவு நின்ற மகிழ்ச்சியினூடே ஏதோ ஒன்றை வழியில் தவறவிட்டு வந்ததுபோல் எனக்குத் தோன்றியது. இரண்டாம் வேகத்தடையில் என்னையறியாமல் வேகத்தை மிகவும் குறைத்து, காதைத் தீட்டிக்கொண்டேன்.

என் முதுகுக்குப் பின்னால், ராசாத்தாள் தன் வளையலால் தூக்குப்போசியைத் தட்டினாள்.

‘டங்.’

“கேட்டுதுங்களா? இப்ப ஓட்டுங்க.”