தவக்காலக் கொள்ளு

என் தங்கை அன்னமேரி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள்; பார்த்தவர்கள் எல்லாரும் அதைக் கொண்டாடினார்கள். எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.

1934-ஆம் வருஷம், தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று தொடங்கியது இந்தக் கூத்து. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கோயிலில் அவள் பக்கத்தில் முழந்தாளிடும் அமலம்மாள், தவக்காலம் முழுக்க ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து கொள்ளுத் தண்ணீர் குடித்தால் ஊளைச்சதை கரைந்துவிடும், புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆயிற்று என்று சொல்லிவைத்தார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி வேறு துணைக்கு வந்தது. பழமொழியோடு வரும் மருந்தை யார் மறுக்க முடியும்? என் தொந்தியையும் அந்த அம்மாள் விடவில்லை. நானும் அதே பானையிலிருந்து குடிக்க ஆரம்பித்தேன்.

அன்னமேரியின் புருஷன் இராயப்பன் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. தராசு சொன்னால்தான் எதையும் நம்புவார். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் இருவரையும் கிட்டங்கிக்கு அழைத்துப்போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றுவார். நாலாவது ஞாயிறன்று அன்னமேரி பதினாறு ராத்தல் குறைந்திருந்தாள். நான் ஒரு ராத்தல் கூடியிருந்தேன். அடுத்த பூசைக்குள் செய்தி எங்கும் பரவிவிட்டது. பெண்கள் அவள் கையைப் பிடித்து வளையல் கழன்று விழுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர். தினமும் காலையில் நோயாளிகளின் சிறுநீரைச் சோதிப்பதும் என் வேலை. அன்னமேரி குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் வீட்டுக் குளியலறைச் சாக்கடையில் சிற்றெறும்பு வரிசையாக மொய்க்கிறது. இது நீரிழிவு. இப்படியே விட்டால் ஒருநாள் நினைவு தப்பிப் படுத்துவிடுவாள். அப்புறம் யாராலும் எழுப்ப முடியாது.

இராயப்பனிடம் சொன்னேன். ஒரே பானை, ஒரே கொள்ளு, இரண்டு பேர் குடித்தோம். எனக்கு இளைக்கவில்லையே, அப்படியென்றால் அவள் இளைப்பதற்குக் கொள்ளு காரணமில்லை, இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று விளக்கினேன். என் வாதத்தில் ஓட்டையே இல்லை என்று நினைத்தேன்.

"மச்சான், நீங்க வெள்ளிக்கிழமை கமாலுதீன் கடையில ஆட்டுக்கறி தின்னதைப் பாத்தவங்க இருக்காங்க. தவக்காலத்துல கறி தின்னா எப்படி லா இளைக்கும்?" என்றார் இராயப்பன், மலாய்க்காரர்கள் போல ஒரு 'லா'வும் போட்டு.

தின்றது உண்மை. ஒருமுறை இல்லை, மூன்று முறை. அதோடு என் பேச்சு எடுபடாமல் போயிற்று. நான் பாவி, அவள் புண்ணியவதி. தராசும் அதைத்தான் சொல்கிறது என்று முடிவாகிவிட்டது. என் மேலேயே எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ரொட்டிக்குத் தொட்டுக்கொண்ட அந்தக் கறி, என் தங்கையின் உயிருக்கு உலை வைக்கும் என்று யார் கண்டது?

ஆஸ்பத்திரிக்கு வா என்றால் அன்னமேரி வரமாட்டேன் என்றாள். சிறுநீரையாவது ஒரு போத்தலில் கொடு என்றேன். அண்ணன் கையில் கொடுக்கிற பொருளா அது என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்று நாள் கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் பெரிய வியாழனன்று, துணியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

அவர்கள் அடுப்படியிலேயே, இராயப்பன் கண்முன்னே சோதனை செய்தேன். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் நீல மருந்தை ஊற்றி, ஒன்றில் என் சிறுநீர் எட்டுச் சொட்டு, மற்றதில் அவளுடையது எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். என்னுடையது நீலமாகவே இருந்தது. அவளுடையது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் பொடியைக் கரைத்தது போல் சிவந்தது. அது சர்க்கரை, ஏராளமான சர்க்கரை என்றேன்.

இராயப்பன் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மச்சான், கொழுப்பு கரைஞ்சு வெளிய வருது."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. குழாய்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசல்வரை போனவனை அன்னமேரிதான் கூப்பிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் பேசவில்லை, புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணனும் அதே கொள்ளுத் தண்ணிதானே குடிச்சாரு? கொள்ளு கரைச்சா அண்ணனுதும் செவந்திருக்கணும். கறியும் தின்னாரு, கொள்ளும் குடிச்சாரு, அவருது நீலமாவே இருக்கு. எனக்குத்தான் என்னமோ ஆயிருக்கு."

இராயப்பன் என் கையிலிருந்த இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷா பிடிக்கப் போனார்.

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா ஞாயிறை அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கையைவிட்டுப் போயிருப்பாள் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இன்சுலின் ஊசி ஆரம்பித்தது. காலையும் மாலையும் நானே போட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, மறுபடியும் கிட்டங்கித் தராசு. இந்தத் தடவை அமலம்மாளும் கூட வந்திருந்தார். இராயப்பன் படிக்கல்லை வைத்தார், இன்னொன்றையும் வைத்தார். இழந்ததில் பதினாலு ராத்தல் திரும்பியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அமலம்மாள் உச்சுக்கொட்டினார். எப்படிக் கொடி மாதிரி இளைத்திருந்தாள், ஊசியைப் போட்டு உடம்பைக் கெடுத்துவிட்டார்கள், கொள்ளுத் தண்ணீரை நிறுத்தியிருக்கவே கூடாது என்று இராயப்பனிடம் சொன்னார். இராயப்பனும் அரைமனதாகத் தலையை ஆட்டினார். எனக்கு உச்சந்தலைவரை கொதித்தது. வாயைத் திறந்தேன்.

அன்னமேரி தராசிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கண்ணே. உசிரோட இருந்தாத்தானே குண்டுன்னு சொல்லுவாங்க."

ஊசிக்கு நேரமாகிவிட்டது. இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தோம்.