அளவுக்குள்

ஐந்து ஆலைகளின் கழிவுநீர் ஐந்து குப்பிகளில் மேஜை மேல் நின்றது. நீர்த்தர அதிகாரி ஒவ்வொன்றின் முடிவையும் பார்த்து, ‘அளவுக்குள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பல வருடங்களாக இதே வேலை. லஞ்சம் வாங்கியதில்லை, ஓர் எண்ணைக்கூடத் திருத்தியதில்லை. அந்த நிம்மதியிலேயே மனம் எப்போதோ மரத்துப்போயிருந்தது.

ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது தங்கை போனில் கூப்பிட்டாள். தங்கையும் அவள் கணவரும் ஆற்றின் கீழ்ப்பக்கம் மீன்குஞ்சுப் பண்ணை நடத்தினார்கள். தொட்டிகளுக்கு ஆற்றுத் தண்ணீர்தான்.

“அக்கா, எல்லாம் மிதக்குதுக்கா.”

அவள் போய்ப் பார்த்தாள். தொட்டிகள் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறுகள். தங்கை கணவர் வலையால் வாரி வாரிச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கையோடு கொண்டுவந்திருந்த நீர் சோதிக்கும் கருவியை ஆற்றில் விட்டுப் பார்த்தாள். மீன் மூச்சுவிடும் அளவுக்குத் தண்ணீரில் காற்றே இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தங்கை சோறு போட்டாள், சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்த தங்கை, “யார் மேலக்கா புகார் குடுக்கறது?” என்று கேட்டாள்.

அவள் ஒவ்வோர் ஆலையாக யோசித்துப் பார்த்தாள். சாயப்பட்டறை, காகித ஆலை, தோல் ஆலை, எல்லாமே அனுமதித்த அளவுக்குள்தான் விடுகின்றன. யாரும் விதியை மீறவில்லை என்று சொன்னாள்.

“அப்ப மீனுங்க தானா செத்துச்சா?”

அதில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

திரும்பும் வழியில் பாலத்தில் நின்று பார்த்தாள். வெயில் காலத்தில் ஆறு மெலிந்து ஓர் ஓரமாக ஓடியது. ஆலைகளிலிருந்து வரும் கழிவு மட்டும் மெலியவில்லை. ஒவ்வோர் ஆலையும் வந்தபோது அந்த ஆலையை மட்டும் பார்த்து அளவு வைத்தார்கள். ஐந்தையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அவளும்தான்.

மறுநாள் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். ஆறாவது ஆலைக்கான அனுமதி அவள் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இவர்களும் அளவுக்குள்தானே விடப்போகிறார்கள், எதற்குத் தாமதம் என்றார்.

“எல்லாரும் அளவுக்குள்ளதான் இருக்காங்க சார். ஆறுதான் இல்லை,” என்றாள்.

ஆற்றுக்கென்று தனி அளவு விதியில் கிடையாது, ஆலைக்காரர்கள் எல்லாரும் நம் மேல் பாய்வார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னார். அவள் கையெழுத்துப் போடவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் தங்கை அலுவலகத்துக்கே வந்தாள். புகார் எழுத உட்கார்ந்தவள், யார் பெயரைப் போடுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள்.

“எங்க ஆபீஸ் பேரைப் போடு,” என்றாள் அக்கா.

“உன் மேலயேவா?”

“ஆமா. ஒவ்வொரு குழாய்க்கும் அளவு வெச்சோம். ஆறு மொத்தமா எவ்வளவு தாங்கும்னு யாரும் கேக்கலை. முதல்ல ஆத்துக்கு அளவு வைக்கணும், அப்புறம் அதைத்தான் ஆலைங்களுக்குப் பங்கு பிரிக்கணும். நான் தப்பு பண்ணலை, தப்பு பண்ணலைன்னே இருந்துட்டேன். அது மட்டும் போதாது. எழுது.”