ஓரத்தில் ஒரு கோடு

கப்பலை விட்டு இறங்கியதுமே லைக்கிதாஸ், "முதல்ல நூலகம், அப்புறந்தான் வீடு" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். துறைமுகத்துக்கு வந்திருந்த மருமகன் அகாதினோஸ் தயங்கித் தயங்கி அவரை அங்கே கூட்டிப்போனான். அலெக்சாந்திரியா நூலகத்தில் பழைய பாட்டுச் சுருள்களை ஒப்பிட்டு, சந்தேகமான வரிகளுக்குப் பக்கத்தில் கோடு போடுவதுதான் அவன் வேலை. மாமனாரின் தீவைப் பற்றி அவற்றில் ஒரு பெரிய போர்ப்பாட்டில் இருப்பதே இரண்டு வரிதான். அந்த இரண்டுக்கும் போன மாதம் அவன் கோடு போட்டிருந்தான்.

"அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க" என்று மனைவி மிர்த்தோ சொல்லியிருந்தாள். இனி மறைக்க வழியில்லை. சுருளை எடுத்து விரித்தான்.

லைக்கிதாஸ் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, அந்த இரண்டு வரிகளில் நிறுத்தினார்.

"இது என்ன கோடு, மாப்ள?"

"சந்தேகக் கோடு, மாமா. மத்த ஊர்ப் பிரதிகள்ல இந்த ரெண்டு வரி இல்ல. யாரோ பின்னால சேர்த்திருக்கலாம்."

"யாரு போட்டது?"

"நான்தான்."

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டுட்டு? சுரண்டி எடுத்துடுவீங்களா?"

"ஐயோ, இல்ல மாமா! ஒரு எழுத்தைத் தொட மாட்டோம். நான் நினைச்சது தப்பா இருந்தா? வரி அப்படியே இருக்கும். அடுத்து எழுதுற சுருள்லயும் வரியும் வரும், கோடும் வரும். படிக்கிறவங்க பார்த்து முடிவு பண்ணிக்கட்டும்."

லைக்கிதாஸ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அலெக்சாந்திரியாக்காரன் நம்ம ஊரைச் சுரண்டி எறிஞ்சுட்டான்னு ஒரு மாலுமி வந்து சொன்னான்பா. ஊரே சாப்பிடல. 'உன் மருமகன் அங்கதானே இருக்கான், போய்க் கேளு'ன்னு என்னைக் கப்பல்ல ஏத்திட்டாங்க. வழியெல்லாம் வாந்தி."

"கோபம் இல்லையே, மாமா?"

"சந்தேகந்தானே? அதை எதிர்த் தீவுக்காரன் என் தாத்தா காலத்துலேர்ந்து சொல்லிட்டுத்தான் இருக்கான். அவன் வாயில வர்றதைவிட உன் கோடு மரியாதையா இருக்கு." சுருளின் பக்கம் குனிந்தார். "சத்தமா ஒரு தரம் படி. என் காதால கேட்டேன்னு ஊர்ல சொல்லணும்."

அகாதினோஸ் இரண்டு வரியையும் உரக்கப் படித்தான். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்ததை இருவருமே கவனிக்கவில்லை.

வீட்டு வாசலில் மிர்த்தோ கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தெருமுனையிலேயே அப்பாவின் குரல் கேட்டது:

"மீன் பொரிச்சியாடி? பசி உயிர் போகுது!"